ஏடிபி: தசையில் கண்டெடுத்து இலையில் தெளிந்த வரலாறு

ஏடிபி என்பது அடினோசின் முப்பாஸ்பேட்டு என்ற வேதிப்பொருளின் சுருக்கப் பெயர். அடினின் என்ற காரம், ரைபோஸ் என்ற சர்க்கரை, அதன் வாலாக வரிசையில் மூன்று பாஸ்பேட்டுகள்: இவ்வளவுதான் அதன் உருவம். கடைசிப் பாஸ்பேட்டு நீரோடு வினைபுரிந்து கழலும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டுதான் தசை சுருங்குகிறது, வேர் மண்ணின் உப்புகளை இழுக்கிறது, மின்மினி ஒளிர்கிறது. வேப்பமரமானாலும் அதன் கிளையில் கரையும் காகமானாலும் செல்லுக்குள் செலவாவது இதே பொருள். இந்த ஒற்றுமை விளங்குவதற்குள் 20ஆம் நூற்றாண்டில் பாதி கழிந்துவிட்டது.

பாடநூல்கள் ஏடிபியை ஆற்றல் நாணயம் என்கின்றன. உவமை பாதிதான் பொருந்தும். நாணயத்தை உண்டியலில் போட்டு வைக்கலாம். இதை வைக்க முடியாது. மனித உடலில் எந்த நேரத்திலும் இருப்பு சில பத்து கிராம்களே. ஒரு நாளில் புரளும் மொத்த அளவோ கிட்டத்தட்ட உடல் எடைக்கு வந்துவிடும். உடைந்த மூலக்கூறே மறுபடி மறுபடி ஒட்டப்பட்டுத் திரும்பி வருகிறது. சேமிப்பெல்லாம் கொழுப்பிலும் மாவுச்சத்திலும் இருக்க, ஏடிபி ஓர் அன்றாடங்காய்ச்சி. தலைதெறிக்க ஓடுபவரின் தசையில் கையிருப்பு சில நொடிகளுக்கே தாங்கும். இறந்தபின் உடல் விறைப்பதும் இது தீர்ந்துபோவதால்தான்: தசையிழைகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதற்கு மட்டுமல்ல, பிடியை விடுவதற்கும் ஏடிபி வேண்டும்.

1920களில் தசை ஆய்வாளர்களின் கண் வேறொரு பொருள்மேல் இருந்தது. ஆங்கிலேயரான ஆர்ச்சிபால்ட் ஹில்லும் ஜெர்மானியரான ஆட்டோ மேயர்ஹாஃபும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறுவதே தசையின் சுருக்கத்துக்குக் காரணம் என்ற கருத்து அவர்களின் செல்வாக்கில் வேரூன்றியிருந்தது. அதை அசைத்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று அவருடைய படிப்பு நடந்தது. கதர் உடுத்திக்கொண்டு அறுவை வகுப்புக்குப் போனதால் அவருக்கு முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது என்பார்கள். பின்னர் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து, கரைசலில் உள்ள பாஸ்பரஸை நீல நிறத்தின் அடர்த்தி கொண்டு அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். இருவர் பெயரையும் தாங்கிய அந்த முறை இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது.

அந்த நீலம்தான் துப்புக் கொடுத்தது. தசைச் சாற்றைச் சோதித்தபோது நிறம் உடனே ஏறாமல் தாமதமாக ஏறியது. கருவியில் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை, எளிதில் உடையும் ஏதோ ஒரு சேர்மம் மெல்ல மெல்லப் பாஸ்பேட்டை விடுகிறது என்று ஊகித்துத் தேடினார்கள். 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்ற அந்தச் சேர்மம் பிடிபட்டது; அதே ஆண்டில் லண்டனில் எகிள்டன் தம்பதியரும் அதை எட்டியிருந்தனர். 1929இல் ஏடிபியே கிடைத்தது. இங்கும் ஒரு போட்டி: மேயர்ஹாஃபின் ஆய்வகத்தில் இருந்த கார்ல் லோமான் தம் முடிவைச் சில வாரங்கள் முந்தி அச்சேற்றிவிட்டார்.

மறு ஆண்டே கோபன்ஹேகனில் ஐனார் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உருவாகாதபடி நஞ்சூட்டிய தவளைத் தசையும் சிறிது நேரம் சுருங்கக் கண்டார். பழைய கோட்பாடு அத்தோடு சரிந்தது. 1939இல் சோவியத் நாட்டின் விளாடிமிர் எங்கெல்ஹார்ட்டும் மிலிட்சா லியூபிமோவாவும் தசைப் புரதமான மயோசினே ஏடிபியை உடைக்கிறது என்று காட்டினர். 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மான், ஏடிபி தசைக்கு மட்டும் உரியதல்ல, எல்லா உயிர்களுக்கும் பொது என்று வாதிட்டார். சுப்பாராவோ ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்காமல் 1940இல் லெடர்லே மருந்து ஆய்வகத்துக்குப் போயிருந்தார். 1948இல் அவர் காலமானார். அதே ஆண்டு அலெக்சாண்டர் டாட் குழுவினர் ஏடிபியை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தனர்.

மின்மினிக்கும் இந்த வரலாற்றில் ஓரிடம் உண்டு. 1947இல் பால்டிமோரில் வில்லியம் மெக்எல்ராய், ஒளியிழந்த மின்மினிச் சாற்றில் ஏடிபியைச் சேர்த்ததும் அது மறுபடி ஒளிரக் கண்டார். பூச்சிகளைப் பிடித்துத் தர ஊர்ச் சிறுவர்களுக்கு அவர் காசு கொடுத்தார். உணவுத் தொழிற்சாலைகளில் மேசை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இன்றும் அந்த ஒளியை நம்பியே நடக்கிறது.

ஏடிபி எங்கே தயாராகிறது? விலங்கு செல்லில் மைட்டோகாண்ட்ரியாவில் என்று 1940களின் இறுதியில் யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் நிறுவினர். இலையின் பங்கு 1954இல் தெரிந்தது: டேனியல் ஆர்னன் குழுவினர், பாலக்கீரையிலிருந்து பிரித்த பசுங்கணிகங்கள் வெளிச்சத்தில் தாமே ஏடிபி செய்வதைக் கண்டனர். செடிக்கு ஒளிச்சேர்க்கை, விலங்குக்குச் சுவாசம் என்று பிரித்துப் படிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. உண்மையில் செடிக்கு இரண்டும் உண்டு. பசுங்கணிகத்தின் ஏடிபி பெரும்பாலும் அங்கேயே சர்க்கரை செய்யச் செலவாகிறது. வேரும் விதையும் இருட்டிய பின் இலையும் மைட்டோகாண்ட்ரியாவை நம்பித்தான் வாழ்கின்றன.

மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் இரண்டிலும் பாஸ்பேட்டை ஒட்டவைப்பது எது என்பதில்தான் பெரிய சண்டை. உயர் ஆற்றல் கொண்ட ஓர் இடைப்பொருளை எல்லோரும் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். அப்படி ஒன்றே இல்லை என்று 1961இல் பீட்டர் மிட்செல் சொன்னார். அவர் கருத்துப்படி, சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்கள் அணைநீர்போலத் தேங்குகின்றன. மறுபக்கம் பாயும்போது, மதகு நீர் சுழலியைச் சுற்றுவதுபோல நொதியை இயக்குகின்றன. பலர் நம்பவில்லை. மிட்செல் எடின்பரோவை விட்டுக் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்து அங்கேயே ஆய்வகம் வைத்துக்கொண்டார்.

1966இல் ஆண்ட்ரே ஜாகென்டார்ஃப் பசுங்கணிகங்களை அமிலத்தில் ஊறவைத்துச் சட்டென்று காரத்துக்கு மாற்றினார். புரோட்டான் வேறுபாட்டாலேயே இருட்டிலும் ஏடிபி பிறந்தது. 1974இல் எஃப்ரைம் ராக்கரும் வால்டர் ஸ்டோக்கேனியஸும் செய்தது அதைவிட வேடிக்கை. உப்பு நீரில் வாழும் நுண்ணுயிரின் ஊதாப் புரதம், மாட்டு இதயத்தின் நொதி, சோயா மொச்சையின் கொழுப்பு மூன்றையும் சேர்த்து நுண்குமிழ்கள் செய்து ஒளி பாய்ச்சினார்கள். வேலை நடந்தது. ஒருபோதும் சந்தித்திராத பாகங்களை இணைத்தது புரோட்டான் ஓட்டம் மட்டுமே. 1978இல் நோபல் பரிசு மிட்செலைத் தேடி வந்தது.

அந்த நொதி நிஜமாகவே சுழல்கிறது என்று பால் போயர் நெடுநாள் சொல்லிவந்தார். 1994இல் ஜான் வாக்கர் குழுவினர் அதன் அமைப்பைப் படமாக்கினர். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஒளிரும் இழையொன்றைக் கட்டி, ஏடிபியை ஊட்டி, அது காற்றாடிபோலச் சுற்றுவதை நுண்ணோக்கியில் பார்த்தே விட்டார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. மாட்டு மைட்டோகாண்ட்ரியாவில் அந்தச் சுற்றுக்கு 8 புரோட்டான்கள் போதும். பாலக்கீரையின் பசுங்கணிகத்துக்கு 14 வேண்டும்.

எதிர்த்திசையில் ஓடினால் இந்த எந்திரம் ஏடிபியை ஆக்குவதற்குப் பதில் அழித்துவிடும். பசுங்கணிகத்தில் அதற்கு ஒரு பூட்டு உண்டு: பொழுது சாய்ந்ததும் நொதியின் தண்டில் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து அதை நிறுத்தி வைக்கின்றன; விடிந்து வெளிச்சம் பட்டதும் அந்தப் பிணைப்பு அவிழ்கிறது.