பசைக்கு முன்னே பொருத்தம்

இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டிலே, உத்தரமேரூரில் எழுந்ததும், நின்றும் இருந்தும் கிடந்தும் எம்பெருமான் மூன்று தளங்களில் எழுந்தருளியிருப்பதுமான சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் விமானத்தை அமைத்தவர் பாடகத்துப் பரமேசுவரன் என்னும் தச்சர் என்று அவ்வூர்ச் சாசனம் ஒன்று உரைக்கிறது. குடவோலைத் தேர்தல் முறையைக் கூறும் சாசனங்களைக் காண அவ்வூருக்கு வருவோர் இந்தப் பெயரையும் ஒரு கணம் நினைத்தல் தகும். ஏனெனில், கல்லிலே கோயில் எடுத்த கைகளும் மரத்திலே தேரும் வாகனமும் சமைத்த கைகளும் ஒரே சிற்ப சாஸ்திரத்தைப் பயின்றவை.

அந்தச் சாஸ்திர நூல்களுள் ஒன்றாகிய மயமதம், தனது 17-ஆம் அத்தியாயம் முழுவதையும் மரத்தோடு மரத்தைச் சேர்க்கும் கலைக்கே ஒதுக்கி, மல்லலீலம், பிரம்மராஜம், வேணுபர்வம் என்று சந்துகளுக்குப் பெயரிட்டு விவரிக்கிறது. பசையைப் பற்றிய ஞானமும் பழமையானதே. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதை, விளங்காய், இலவம்பூ, குங்கிலியம் முதலியவற்றைக் காய்ச்சிச் செய்யும் வஜ்ரலேபத்தைக் கூறுவதோடு, மாட்டுத் தோலையும் கொம்பையும் காய்ச்சி எடுக்கும் வேறொரு பசையையும் கூறுகிறது.

நம் தச்சர்கள் வச்சிரம் என்றழைத்ததும் தோலிலிருந்து காய்ச்சிய பசைதான். இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரத்தை இறக்கி, கொதிக்க விடாமல் பக்குவமாக இளக்கி, சூடு ஆறுமுன் மெல்லியதாகப் பூசி, இறுக்கிக் கட்டிவைப்பார்கள். கொதித்துவிட்டால் அதன் வலிமை குன்றும். ஈரம் பட்டாலோ மீண்டும் இளகிவிடும். வைரமேக தடாகம் என்று சாசனங்கள் புகழும் பேரேரியை அருகே கொண்டு, ஐப்பசி கார்த்திகையில் மரமெல்லாம் ஊறிப் பருக்கும் இவ்வூர் போன்ற இடத்தில், பசையை மட்டும் நம்பி எவனாலும் வாகனம் செய்ய இயலாது. துளையும் அதில் புகும் நாக்கும் காற்றுப் புக இடமின்றிப் பொருந்தினால்தான், சுவாமியின் பாரத்தையும் தோளேற்றிச் செல்வோரின் குலுக்கலையும் சந்து தாங்கும்.

இந்த உண்மையை ஆகாய விமானங்களும் கற்க நேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்திலே, பால்சா மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் ஒட்டுப்பலகை பதித்து, முதலில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையாலும் பின்னர் செயற்கைப் பசையாலும் ஒட்டிய மாஸ்கிட்டோ விமானங்கள், 1944-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் பறக்கையிலேயே இறக்கை முறிந்து விழுந்தன. பறப்பது நிறுத்தப்பட்டு ஆராய்ந்தபோது, ஈரத்தில் மரம் பருத்துச் சுருங்குவது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. ஆயினும் பொருத்தம் பிசகிய சந்துகளும், பசை பற்றாமல் விட்ட இடைவெளிகளும் கண்முன் தெரிந்தன. உயிர்ச்சேதத்துக்குக் காரணமான இப்பிழையை நான் பசையின் பிழையாகக் கருதவில்லை. அவசர உற்பத்தியில் இழைப்புக்கு நேரம் ஒதுக்காத பிழையே அது.

1959-இல் பெவிகால் வந்தபின் வச்சிரச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. வெந்நீரும் காத்திருப்பும் தேவையற்றுப்போனது நன்மையே; ஆனால் இடைவெளியைப் பசையால் நிரப்பிவிடலாம் என்ற துணிவும் அதனுடன் வந்து சேர்ந்தது.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டும் பிள்ளைகளும் இந்தத் துணிவுக்கு ஆளாகிறார்கள். இறக்கையின் குறுக்குச் சட்டத்தைப் பசையின்றியே முதலில் பொருத்திப் பார்த்து, வரைபடத்தின்மேல் நேராக்கி, உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்த பிறகே பசை தொட வேண்டும். மிகுதியாகப் பூசிய பசை எடையைக் கூட்டுவதோடு இறக்கையைக் கோணலாகவும் இழுக்கும். இவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டுவது ஒன்றுதான்: கோயில் வாகனம் செய்யும் தச்சர் ஒருவரை ஒரு நாளேனும் வகுப்புக்கு அழைத்து, அவர் கைப்படச் சந்து பொருத்திக் காட்டச் செய்யுங்கள்.