ஓய்வு எடுத்த வண்டி

மனிதனுக்கு ஓய்வு நல்லது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். யந்திரத்துக்கோ அது விஷம். இந்த உண்மையை நான் நல்லம்பள்ளியில், என் மாமாவின் மாட்டுக் கொட்டகையில் தெரிந்து கொண்டேன்.

மாமா 1984-ல் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஆட்டுச் சந்தைக்கும் தர்மபுரிக்கும் அதில்தான் போவார். தெருமுனையில் சத்தம் கேட்டதுமே அத்தை இலை போட்டுவிடுவார். மாமா கண்ணை மூடிய பிறகு பன்னிரண்டு வருஷம் வண்டி கொட்டகையில் நின்றது. அதன் மேல் கோழிகள் குடியேறின. பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை பேசியபோது அத்தை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஓடுச்சுன்னா நீ வெச்சுக்கோ சாமி. ஓடாதுன்னா குடுத்துடறேன். சும்மா நிக்கிறதப் பாத்துக்கிட்டிருக்க என்னால ஆகல."

புது பாட்டரி வைத்தேன். பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் இளகுவதற்காக உள்ளே சிறிது எண்ணெய் விட்டேன். புது பெட்ரோல் ஊற்றினேன். மாமா செய்வது போலவே, டீகம்ப்ரஷன் பிடியை அழுத்திக் கொண்டு, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும் வரை மெல்ல மிதித்தேன். பிறகு பிடியை விட்டு ஒரே உதை. ஏழாவது தடவை வண்டி உயிர் பெற்றது! நான் ஒரு ராஜா மாதிரி தொப்பூர்ப் பக்கம் புறப்பட்டேன். திரும்பி வந்தபோது ஆடு ஏற்றும் வண்டியில், ஆடுகளோடு ஆடாக வந்தேன். புல்லட்டும் கூடவே வந்தது.

"கிளம்பறது வேற, ஓடறது வேறங்க" என்றார் உள்ளூர் மெக்கானிக், சிரிக்காமல்.

டாங்கியின் அடியில் துரு; அது பெட்ரோலோடு இறங்கிக் கார்புரேட்டரின் ஊசித் துளையை அடைத்திருந்தது. இன்றைய பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு வரை எத்தனால் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களுக்கும் ஆகாது. குழாய்களை மாற்றினார். டாங்கியில் புளிக்கரைசலும் ஒரு கைப்பிடி சரளைக் கல்லும் போட்டு, இரவு முழுவதும் ஊற வைத்துக் குலுக்கிக் கழுவினார். புளிக்குத் தர்மபுரியில் பஞ்சமா?

ஆனால் முக்கியக் குற்றவாளி சுண்டுவிரல் அளவுள்ள கண்டென்சர்தான். குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யும். சூடேறினால் கைவிட்டு விடும். தீப்பொறி சோர்ந்து போகும்.

"இதற்கு எங்கே போவது?" என்று கவலைப்பட்டேன். அவர் தர்மபுரிக்குப் போய் அரை மணியில் புதிதாக வாங்கி வந்துவிட்டார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கிட்டத்தட்ட நாற்பது வருஷத்து வண்டிக்கு உதிரிப் பாகம் எப்படிக் கிடைக்கிறது?

அதற்குப் பின்னே ஒரு சரித்திரம் இருக்கிறது. புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியில் 1932-ல் பிறந்தது. நம் ராணுவத்துக்கு இந்த வண்டி பிடித்துப் போயிற்று. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஏற்பட்டது. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன, சென்னையில் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரில் பாகங்களையும் செய்யத் தொடங்கினார்கள்.

இங்கிலாந்தில் மாதிரிக்கு மேல் மாதிரி மாற்றினார்கள். அங்கே 1970-ல் தொழிலே நின்றுவிட்டது. இங்கேயோ, இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் போட்டி குறைவு. வந்த அச்சையே பல வருஷம் அதிகம் மாற்றாமல் வார்த்துக் கொண்டிருந்தார்கள். அதைச் சோம்பல் என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே கப்பல் ஏறியது! தாய்வீடு மூடிய பிறகு பேர் சொல்ல மகள் வீடுதான் இருந்தது. அந்தச் சோம்பலின் புண்ணியத்தால் ஊருக்கு ஊர் கைகள் பழகின; கடைக்குக் கடை பாகங்கள் தங்கின. எந்தப் பொருளும் பெருமையினால் நிலைப்பதில்லை. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இருப்பதனால் நிலைக்கிறது.

பத்து நாள், தினமும் தொப்பூர் வரை போய் வந்தேன். ஒரு நாளும் வண்டி நிற்கவில்லை. பத்தாம் நாள் தெருமுனையில் திரும்பி வீட்டுக்கு வந்தால், திண்ணையில் இலை போட்டிருந்தது. போட்டது தமக்கே தெரியாதது போல அத்தை இலையைப் பார்த்துக் கொண்டு நின்றார். நான் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறு வாரம் இரும்புக்காரர் வந்தாராம்.

"வண்டி வெளியே போயிருக்குதுங்க" என்று அத்தை சொல்லி அனுப்பிவிட்டார்.