ஆழ்கிணற்றின் மேல் ஓர் இரும்புப் பாலம்

சிற்றாறுகளின் குறுக்கே நிற்கும் இரும்புச் சட்டப் பாலங்களை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். ரயில் அவற்றின்மீது செல்லும்பொழுது, சன்னலுக்கு வெளியே சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகத் தோன்றி மறையும். பாலத்தின் வலிமை அம்முக்கோணத்திலேதான் அடங்கியுள்ளது. நான்கு சட்டங்களை மூலைகளில் ஆணியிட்டுச் சதுரமாக்கினால், ஒரு புறம் தள்ளியவுடன் அது சாய்ந்துவிடும். மூன்றை முக்கோணமாக இணைத்தாலோ, சட்டம் ஒடிந்தாலன்றி வடிவம் குலையாது.

இவ்வமைப்பையே கோலார் தங்கவயலின் சுரங்கக் கிணறுகளின் மேல் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரங்களிலும் காண்கிறோம். அவற்றையும் ஒருவகைப் பாலம் எனலாம். ஆற்றுப் பாலம் இரு கரைகளை இணைக்கிறது. இவை நிலத்தின் மேலுள்ள உலகத்தையும் கீழுள்ள இருளையும் இணைத்தன.

1870களில் லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர் மைசூர் அரசினிடம் உரிமை பெற்று இங்குப் பொன் தேடினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பத்துடன் குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி அளித்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது.

அவ்வாழத்திற்கு மனிதர் எவ்வாறு இறங்கினர்? சற்றுத் தொலைவில் பொறிக்கூடம் இருக்கும். அங்குள்ள பெரிய உருளையிலிருந்து புறப்படும் எஃகு வடம் சாய்வாக ஏறி, கோபுரத்து உச்சியிலுள்ள சக்கரத்தைச் சுற்றி, நேர்கீழாகக் கிணற்றினுள் இறங்கும். அதன் முனையில் கூண்டு தொங்கும். கூண்டின் பாரம் கோபுரத்தைக் கீழே அழுத்தும்; பொறியின் இழுப்போ அதனைப் பக்கவாட்டில் சாய்க்க முயலும். ஆகையால்தான் பொறிக்கூடத்தின் பக்கமாகக் கால்கள் அகன்று சாய்ந்து ஊன்றியிருக்கும். வடத்தை நாள்தோறும் சோதித்தல் வேண்டுமென்பது சுரங்க விதி.

கீழே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைக் கடந்திருந்தது. அழுத்தம் தாளாது பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு; அவ்விபத்துகளில் மாண்டவர் பலர். காலையில் கூண்டில் இறங்கியவர் மாலையில் ஏறி வருவாரா என்பது, வீட்டில் காத்திருந்தோர்க்கு அன்றாடக் கவலையாயிருந்தது. உச்சியில் சக்கரம் சுழல்வதே அவர்களுக்கு ஆறுதல்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் அங்கிருந்து வெளிவந்தது. பொன் எங்கெங்கோ சென்றுவிட்டது. சக்கரங்கள் ஓய்ந்த பின்னும் சில கோபுரங்கள் துருவேறி நிற்கின்றன. பழைய ஆற்றுப் பாலங்களுக்கும் இத்தகைய காலம் வருவதுண்டு. பயன் தீர்ந்ததும் அவற்றை இரும்பின் எடைக்கு விற்க எண்ணுவர்.

எடைக்கு விற்றால் கிடைப்பது சிறிது பணமே. எடுத்த பொன்னுக்குக் கணக்கேடுகள் உண்டு. அதனை வெட்டியெடுத்த மக்களுக்கோ, ஊரறிய உயர்ந்து நிற்கும் சான்று இக்கோபுரங்களே. துருவை அகற்றி, வண்ணம் பூசி, அவற்றுள் ஒன்றிரண்டையேனும் நிலைநிறுத்துதல் நம் கடமை. முப்பாட்டன் எவ்வழியே இறங்கினார் என்று கேட்கும் பேரப்பிள்ளைக்கு, நாம் விரலால் சுட்டிக் காட்ட ஓர் அடையாளம் வேண்டாவா?