கோலாரில் பிறந்தது, பொட்டிப்புரம் வந்தது

போடியிலிருந்து சிலமலை வழியாகத் தேவாரம் போகிற பாதையில் இருக்கிறது ராசிங்காபுரம். மேற்கே நிமிர்ந்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறித் தோட்ட வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். பக்கத்தில் பொட்டிப்புரம். அங்கேயுள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டப் போகிறார்கள் என்ற சேதி வந்தபோது, அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டப் போகிறார்களாம் என்ற அச்சமும் கூடவே வந்தது. அப்படி வந்ததற்கு ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆய்வகத்தின் பிறந்த கதையை அவர்களிடம் யாரும் முதலிலிருந்து சொல்லவில்லை.

கதை தொடங்கிய நாள் 1930 டிசம்பர் 4. சில அணுக்கருக்கள் சிதையும்போது எலக்ட்ரான் ஒன்று வெளியேறும். அது கொண்டுபோக வேண்டிய ஆற்றலுக்குக் கணக்கு இருந்தது; ஆனால் அளந்து பார்த்தால் பெரும்பாலும் குறைந்தது. மிச்ச ஆற்றல் எங்கே போகிறது? ஆற்றல் அழியாது என்ற விதியே பொய்யோ என்று பெரிய விஞ்ஞானிகளும் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். சூரிச்சில் இருந்த வுல்ஃப்காங் பவுலி, ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடியிருந்த நண்பர்களுக்கு அன்று ஒரு கடிதம் எழுதினார். கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத, மின்னேற்றமே இல்லாத ஒரு துகள் அந்த மிச்சத்தைக் கொண்டுபோகிறது என்பது அவர் ஊகம். உள்ளூரில் ஒரு நடன விருந்து இருந்ததால் கூட்டத்துக்கு நேரில் வர இயலவில்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தார்.

அந்தத் துகள்தான் நியூட்ரினோ. ஊகம் மெய்யாக 26 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் கருவி வைத்து ஃபிரெடரிக் ரெய்ன்ஸும் கிளைட் கோவனும் அதைப் பிடித்துவிட்டு, 1956 ஜூன் 14 அன்று பவுலிக்குத் தந்தி அடித்தார்கள். சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு நொடியும் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் வந்து விழுகின்றன. நம் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகின்றன, ஒன்றும் செய்வதில்லை. ராசிங்காபுரத்துத் தென்னந்தோப்பிலும் இப்போது போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

அதுவரை பிடித்தது மனிதன் கட்டிய உலையில் பிறந்தவற்றை. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்றுமண்டலத்தில் மோதும்போதும் நியூட்ரினோ பிறக்கிறது. அதைப் பிடிக்க வழி என்ன? அதே மோதலில் பிறக்கும் மியூவான் துகள்கள் தரையெங்கும் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முடியாது. அந்த இரைச்சலை விட்டு விலக வேண்டும். பூமிக்குள் இறங்குவதுதான் அதற்கு வழி.

நம் நாட்டில் அப்படி இறங்க ஓர் இடம் தயாராக இருந்தது: கோலார் தங்கவயல். வடஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்துத் தோண்டிய குழிகள் அவை. ஹோமி பாபாவின் யோசனைப்படி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து இளைஞர் பி.வி. ஸ்ரீகண்டன் 1951-லேயே அங்கே கருவியோடு இறங்கி, ஆழம் கூடக் கூட மியூவான் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அடுத்த பத்தாண்டில் இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை இரண்டு மாதம் வைத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. எதுவுமே கிடைக்காத அந்த முடிவுதான் என் பார்வையில் இந்திய நியூட்ரினோ ஆராய்ச்சியின் பிறந்த நேரம். இரைச்சல் இல்லாத இடம் கிடைத்துவிட்டது. இனி நியூட்ரினோவைத் தேடலாம்.

எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம் உள்ளிட்டோர், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தோடும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கி.மீ. ஆழத்தில் கருவிகளை நிறுத்தினார்கள். துகள் பட்டால் மினுக்கும் பிளாஸ்டிக் பலகைகளும், மின்னும் நியான் குழாய்களும் சுவர் போல நின்றன. கருவியைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்ததில்தான் சூட்சுமம். மேலேயிருந்து நேராக வரும் மியூவான் 2.3 கி.மீ. பாறையைக் கடந்தால் போதும். அதனால் எப்போதாவது ஒன்றிரண்டு தப்பி வந்துவிடும். பக்கவாட்டில் வருவதென்றால் பல கிலோமீட்டர் பாறையைத் துளைக்க வேண்டும், அது மியூவானால் ஆகாது. ஆகவே கருவியின் பக்கவாட்டில் ஒரு மியூவான் நுழைந்தால், அது பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியே நுழைந்தது. 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் கட்டுரை வெளியானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இதே வேட்டையில் இருந்த ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரை ஆகஸ்ட் 30 தேதியிட்டது. அவர்களுடைய முதல் பதிவு அந்த ஆண்டு பிப்ரவரி 23-லேயே கிடைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அச்சில் முந்தியது கோலார். சுதந்திர தினத்தன்று உலகுக்குத் தெரிந்த இந்தச் சேதியை நாம் எந்த ஆண்டும் நினைத்துப் பார்ப்பதில்லை.

1990-களின் தொடக்கத்தோடு கோலார் ஆய்வுகள் முடிந்தன. சுரங்கமே 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. தேசிய அறிவியல் நாள் அது! இதற்கிடையே 1998-ல், காற்றுமண்டலத்தில் பிறக்கும் அதே நியூட்ரினோக்களை வைத்து, அவற்றுக்கு நிறை உண்டு என்று ஜப்பானியர் தங்கள் சுரங்க ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். தக்காகி கஜிதா அதற்காக 2015-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் குழி மூடிக்கொண்டது, அவர்கள் குழி வளர்ந்தது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

விட்டதைத் தொடர வேண்டும் என்ற பேச்சு 2000 ஜனவரியில் சென்னையில் நடந்த இயற்பியல் பட்டறையில் மறுபடி எழுந்தது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. ராஜசேகரன் இதற்காக விடாமல் பேசியவர்களில் ஒருவர். முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. யானைத் தடம், முதுமலைப் புலிகள் காப்பகம் ஆகியவற்றைக் காரணம் காட்டி 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அப்புறம்தான் பொட்டிப்புரம். கெட்டியான சார்னோகைட் பாறை, மழை குறைந்த கீழ்ச்சரிவு, மலைக்குள் கிடைமட்டமாகவே போகக்கூடிய சுமார் 2 கி.மீ. சுரங்கப்பாதை. உள்ளே 50,000 டன் காந்த இரும்புக் கருவி வைப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வேலையை நிறுத்திவைத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பதால் 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தியது. 2018-ல் மறுபடி அனுமதி கிடைத்தது. திட்டத்தை ஏற்க முடியாது என்று 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மதுரையில் 85 டன் மாதிரிக் கருவி மட்டும் நிற்கிறது.

நியூட்ரினோவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அங்கே அணு உலையும் இல்லை, கழிவும் இல்லை. ஆனால் வெடி வைத்து லட்சக்கணக்கான டன் பாறையைப் பெயர்த்தால் மலைக்கும் நீருக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் நியாயமாகத்தான் கேட்டார்கள். இரண்டு பேச்சும் ஒன்றாகக் கலந்து, பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் வதந்தியும் பிரிக்க முடியாமல் போனதுதான் நடந்த தீங்கு.

மலை குடையப்படுமோ படாதோ, கோலாரில் நடந்தது நம் வரலாறு. பிப்ரவரி 28 அறிவியல் நாளில் சி.வி. ராமனைச் சொல்லும் ஆசிரியர்கள் அன்றே கோலாரையும் சொல்ல வேண்டும். விஞ்ஞானிகள் பெயரோடு, அந்தக் குழியைத் தோண்டியவர்களையும் சேர்த்து. அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம் உங்கள் உறவில் யாராவது இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.