அகமும் அரசும்

அகம் என்னும் சொல்லுக்கு உள்ளம் என்பதும் பொருள். இல்லம் என்பதும் பொருள். மனிதனின் நெஞ்சையும் அவன் குடியிருக்கும் வீட்டையும் ஒரே சொல்லால் சுட்டியவர்கள் நம் முன்னோர். அகப்பாடல்களில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது எனத் தொல்காப்பியம் விதி வகுத்தது. இது செய்யுளுக்கு வகுத்த விதியேயன்றி நாட்டுச் சட்டமன்று. எனினும், ஊரார் கண் படாத ஒரு பகுதி ஒவ்வொருவர் வாழ்விலும் உண்டு என்ற உணர்வு அதனுள் உறைந்திருப்பதை நாம் மறுக்க இயலாது.

இவ்வுணர்வு, விடுதலை பெற்ற இந்தியாவில் அடிப்படை உரிமையாக ஏற்கப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த நீண்ட வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு, உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளித்தது. அந்தரங்க உரிமை என்ற சொல் அதில் இடம்பெறவில்லை. 1954-இல் எம்.பி. சர்மா வழக்கில், சோதனையிட்டு ஆவணங்களைக் கைப்பற்றும் அதிகாரத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள், அத்தகைய உரிமையை நம் அரசியலமைப்பில் வலிந்து புகுத்த இயலாது என்றனர்.

அடுத்து வந்தது கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங், 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் கைதாகிப் போதிய சான்று இன்மையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் போலீசார் அவர் பெயரில் குற்றப் பதிவேடு ஒன்றைத் திறந்தனர். நள்ளிரவில் சௌக்கிதாரும் காவலரும் வந்து கதவைத் தட்டி அவரை எழுப்புவர். வெளியூர் செல்வதாயின் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். எந்தக் குற்றமும் மெய்ப்பிக்கப்படாத ஒருவர், ஆண்டுக் கணக்கில் இவ்வாறு கண்காணிக்கப்பட்டார்.

1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் இவ்வழக்கில் தீர்ப்பளித்தனர். பெரும்பான்மையோர் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இராஜகோபால ஐயங்கார். இரவில் வீடு புகுவது செல்லாது என்றார். ஆனால் மறைந்திருந்து கண்காணிப்பது செல்லும் என்றார். அந்தரங்கம் அரசியலமைப்பு உறுதியளித்த உரிமை அன்று என்பது அவர் முடிபு. நீதிபதி சுப்பா ராவ் இதற்கு உடன்படவில்லை. எங்குச் சென்றாலும் நிழல்போல் தொடரப்படும் மனிதனைச் சுதந்திரமானவன் என்று எங்ஙனம் கூறுவது? நாடு முழுவதுமே அவனுக்குச் சிறையன்றோ என்பது அவர் வாதம். நீதிபதி ஷா அவருடன் இணைந்தார். மாறுபட்ட முடிவுகளை எழுதிய ஐயங்காரும் சுப்பா ராவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளாக இருந்தவர்கள் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே காலத்தில் அரசியல் மேடையிலும் இக்குரல் எழுந்தது. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய மூதறிஞர் இராஜாஜி, தொழில் நடத்தவும் பொருள் விற்கவும் குடிமகன் அரசு அலுவலகப் படிகளில் காத்துக் கிடக்கும் நிலையை "லைசென்ஸ் பர்மிட் ராஜ்யம்" எனச் சாடினார். 1967-இல் தலைமை நீதிபதிப் பதவியைத் துறந்து குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற சுப்பா ராவை ஆதரித்த எதிர்க்கட்சிகளுள் அக்கட்சியும் ஒன்று. அத்தேர்தலில் அவர் தோல்வியுற்றார்.

1975 ஜூன் 25-இல் நெருக்கடி நிலை வந்தது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை அணுக இயலுமா என்ற வினா எழுந்தது. இயலாது என்று 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் கூறினர். எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். மறு ஆண்டு தலைமை நீதிபதிப் பதவி, அவருக்கு இளையவரான ஒருவருக்குச் சென்றது. கன்னா பதவி விலகினார்.

தமிழகத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த நக்கீரன் இதழைச் சிறைத்துறை தடுக்க முற்பட்டது. 1994-இல் உச்ச நீதிமன்றம், வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றது. குடிமக்களின் சொந்த வாழ்வுக்குக் காப்பு உண்டு; ஆனால் அலுவலர் தம் கடமையில் செய்த செயல்களை அக்காப்பைக் காட்டி மறைத்தல் ஆகாது என்றும் தெளிவுபடுத்தியது. அந்தரங்கம் குடிமகனுக்குக் கேடயம், அதிகாரிக்குத் திரையன்று.

2012-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி, எண்பது வயதைக் கடந்த நிலையில், ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பழைய இரு தீர்ப்புகளைக் காட்டி, அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என அரசு வாதிட்டது. 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அஃது அடிப்படை உரிமையே என்றனர். சுப்பா ராவின் சிறுபான்மைக் கருத்து 55 ஆண்டுகளுக்குப் பின் வென்றது. 1976 தீர்ப்பும் தவறு என நீக்கப்பட்டது. அதனை அன்று எழுதியவர்களுள் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட், நீக்கி எழுதியவர் அவர் மைந்தர்.

எனினும் இவ்வுரிமை எல்லையற்றதன்று. பசித்தவனுக்கு ரேஷன் அரிசி சேர வேண்டுமெனில் அவன் யார் என அரசு அறிதல் வேண்டும். ஆகவே 2018-இல் நீதிமன்றம் ஆதாரை ஏற்றது. வங்கிக் கணக்கோடும் கைப்பேசியோடும் கட்டாயமாக இணைப்பதை விலக்கியது. அரசு கேட்பதற்குச் சட்டம் வேண்டும், தக்க காரணம் வேண்டும், தேவைக்கு மேல் கேட்டல் கூடாது என்பதே அளவுகோல்.

பிழைப்புத் தேடி வேற்று மாநிலத்தில் குடியேறிய நமக்கு இவ்வரலாறு ஏட்டளவில் நிற்பதன்று. வாடகை வீடு முதல் பள்ளிச் சேர்க்கை வரை நம்மை நாமே மெய்ப்பித்துக் காட்டிய பின்னரே இங்கு வாழ்வு தொடங்குகிறது. கேட்பவற்றைத் தருவோம், சட்டத்தை மதிப்போம். ஆனால், எதற்காகக் கேட்கிறீர்கள் என வினவும் உரிமை நமக்குண்டு என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். கரக் சிங்கின் கதவு நம் ஒவ்வொருவரின் கதவுமாகும்.