நீராவி டர்பைனில் கசிவுக் கட்டுப்பாடு: பார்சன்ஸ் காலம் முதல் தூரிகை சீல் வரை

நீராவி டர்பைனில் சுழலும் ரோட்டருக்கும் அசையாத உறைக்கும் நடுவே இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதன் வழியே வேலை எதுவும் செய்யாமல் நழுவிப்போகும் நீராவிதான் கசிவு. அதைக் குறைக்க நடந்த நூற்று நாற்பது ஆண்டு முயற்சியை, இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே வந்த வரலாறாகப் பார்ப்பது வழக்கம். இக்கட்டுரை அந்தப் பார்வையிலிருந்து விலகுகிறது. ரோட்டர் அசையும், வளையும், விரியும் என்பதைப் பொறியாளர்கள் ஏற்றுக்கொண்டு வடிவமைத்தபோதுதான் நிலைத்து நின்ற முன்னேற்றம் கிடைத்தது.

சார்லஸ் பார்சன்ஸ் 1884-இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் உருவாக்கிய முதல் டர்பைன் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்றுகள் சுற்றியது. நடுவில் நுழைந்த நீராவி இருபுறமும் பிரிந்து ஓடியதால், ரோட்டரை ஒரு பக்கமாகத் தள்ளும் அச்சுவிசை தானாகச் சமனாயிற்று. பின்னர் நீராவி ஒரே திசையில் ஓடும் இயந்திரங்கள் வந்தபோது, அந்த விசையை ஈடுகட்ட ரோட்டரிலேயே ஒரு சமன் பிஸ்டன் தேவைப்பட்டது. அதன் ஒரு பக்கம் உயர் அழுத்தம், மறுபக்கம் தாழ் அழுத்தம். விளிம்பைச் சுற்றி நீராவி பாயாமல் இருக்குமா? ரோட்டரிலும் உறையிலும் மாறி மாறி வளையங்களை அமைத்து நீராவியின் பாதையை நெளியவிட்டதே பார்சன்ஸ் கண்ட வழி. லாபிரிந்த் சீலின் தொடக்கம் இதுதான். பார்சன்ஸ் வகையில் சுழலும் பிளேடுகளிலும் அழுத்தம் இறங்குவதால் அவற்றின் நுனியிலும் கசிவு உண்டு. பிரான்ஸின் ரத்தோ, அமெரிக்காவின் கர்ட்டிஸ் ஆகியோரின் வகைகளில் அழுத்தம் பெரும்பாலும் நிலையான நாசில்களிலேயே இறங்கும். ரத்தோ வகையில் முதன்மைக் கசிவு, விட்டம் குறைந்த தண்டைச் சுற்றி மட்டும் நின்றது.

இந்த இழப்பின் அளவை ஒரு கணக்கு காட்டும். நுனி விட்டம் 900 மி.மீ., பிளேடு உயரம் 40 மி.மீ., நுனி இடைவெளி 1 மி.மீ. என்று கொள்வோம். நாற்பதில் ஒன்று என்றால் இரண்டரை சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் நீராவி பிளேடுகளிலிருந்து மிகச் சாய்வாக வெளியேறுவதால், அது உண்மையில் கடக்கும் பரப்பு வளையப் பரப்பில் ஏறத்தாழ கால் பங்குதான்: சுமார் 27,000 ச.மி.மீ. நுனி இடைவெளியின் பரப்போ 2,800 ச.மி.மீ. ஆக, தடுப்பு ஏதும் இல்லையென்றால் பத்தில் ஒரு பங்குக்கு ஈடான வழி திறந்து கிடக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள கடைசிக் கட்டப் பிளேடில் அதே 1 மி.மீ. அரை சதவீதத்தைக்கூட எட்டாது. கசிவு உயர் அழுத்தப் பகுதியின் நோய் என்று சொல்வது இதனால்தான். கொதிகலன் அழுத்தம் கூடக் கூட நீராவி அடர்ந்து, பிளேடு குட்டையாகி, நோயும் முற்றும். 1950களில் பிலடெல்பியா அருகே எடிஸ்டோன் நிலையம் சுமார் 345 பார் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டபோது இந்தச் சிக்கல் உச்சத்தைத் தொட்டது.

லாபிரிந்த் ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் கணித விளக்கம் பின்னரே வந்தது. பல் எனப்படும் வளைய விளிம்பின் குறுகிய இடைவெளியைத் தாண்டும்போது நீராவி வேகமெடுக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. அடுத்த அறையில் அந்த வேகம் சுழலாகக் கலைந்து வெப்பமாகிறது. இழந்த அழுத்தம் திரும்புவதில்லை. ஸூரிக்கில் ஸ்டோடோலா இதைத் தம் டர்பைன் நூலில் ஆராய்ந்தார். 1908-இல் ஹெச். எம். மார்ட்டின் தந்த சூத்திரத்தின்படி, கசிவு பற்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறைகிறது. பற்களை நான்கு மடங்காக்கினால் கசிவு பாதியாகும், அவ்வளவே. ஒரு பல்லைத் தாண்டிய தாரை கலையாமல் நேரே அடுத்த பல்லின் இடைவெளிக்குள் பாய்ந்துவிடும் குறையை 1935-இல் எக்லி தம் ஆய்வில் கணக்கில் கொண்டுவந்தார். பற்களைப் படிப்படியாக ஏற்றி இறக்கி அமைப்பதன் நியாயம் இங்கே தெளிவாகிறது.

பற்களைக் கூட்டுவதில் பயன் மெல்லத்தான் கூடும் என்றால், எஞ்சிய வழி இடைவெளியைக் குறைப்பது. அங்கே ரோட்டர் எதிர்த்து நின்றது. 1926-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பர்ட் நியூகிர்க் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் மிக முக்கியமான எச்சரிக்கை என்பது என் கருத்து. தண்டின் ஓரிடம் சீலில் உரசினால் அந்த இடம் சூடாகி விரியும். தண்டு அப்பக்கமே வளையும். வளைந்த இடம் இன்னும் அழுத்தமாக உரசும். முதல் மாறுநிலை வேகத்துக்கு, அதாவது தண்டு தன் இயல்பு அதிர்வோடு ஒத்திசைந்து கடுமையாக அதிரும் வேகத்துக்கு, கீழே ஓடும்போது இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். 1958-இல் ஜெர்மனியின் தாமஸ் இன்னொரு ஆபத்தைக் காட்டினார்: ரோட்டர் மையம் விலகினால், இடைவெளி குறுகிய பக்கத்துப் பிளேடுகள் கூடுதல் விசை பெற்று, ரோட்டரைச் சுழல் அதிர்வுக்குள் தள்ளும். உரசாமலேயே கசிவு அதிர்வை மூட்டும் என்பது அப்போது புலப்பட்டது.

திருப்பம் 1980களில் வந்தது. இயந்திரத்தைக் கிளப்பும்போதுதான் தண்டு அதிகம் அதிர்கிறது, உறையும் சீரற்றுச் சூடாகி வளைகிறது. பற்கள் தேய்வது பெரும்பாலும் அப்போதுதான். 1984-இல் காப்புரிமை பெற்ற ரொனால்ட் பிராண்டனின் அமைப்பில், சீல் வளையத் துண்டுகளைச் சுருள்வில்கள் தண்டிலிருந்து விலக்கியே வைத்திருக்கும். சுமை ஏறியதும் பின்புற நீராவி அழுத்தம் வில்லை வென்று அவற்றைத் தண்டை நோக்கி நகர்த்தும். தனிச் சக்தியோ கட்டுப்பாட்டுக் கருவியோ தேவையில்லை. தூரிகை சீல் வேறு வழியில் சென்றது: ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமனுள்ள உலோக இழைகளைச் சாய்வாக நெருக்கி அடுக்கினால், தண்டு இடித்தாலும் அவை வளைந்து கொடுத்துத் திரும்பும். விமான எஞ்சினில் 1980களில் நிலைபெற்ற இது, 1990களில் நீராவி டர்பைனுக்கு வந்தது. ஆனால் இழைகள் தண்டைத் தொடும் இடத்தில் நியூகிர்க் சொன்ன சூடு மீண்டும் எழும். எனவே தண்டில் எத்தனை தூரிகைகள் பொருத்தலாம் என்பதற்கு ரோட்டர் அதிர்வே வரம்பு கட்டுகிறது.

கசிவு எவ்வளவு என்பதோடு, அது எங்கே எப்படித் திரும்புகிறது என்பதும் முக்கியம். கேம்பிரிட்ஜின் ஜான் டென்டன் 1993-இல் வெளியிட்ட ஆய்வுரை, நுனிக் கசிவால் வரும் இழப்பின் பெரும்பகுதி, கசிந்த நீராவி வேறு திசையிலும் வேகத்திலும் முதன்மை ஓட்டத்தோடு கலப்பதால் நேர்கிறது என்று நிறுவியது. அதன்பின் பிளேடின் மேல்மூடிக்குப் பின்னுள்ள வெற்றிடத்தின் வடிவமும் ஆய்வுப் பொருளாயிற்று.

இந்தியாவில் இந்த வரலாறு இன்று புதிய கட்டத்தில் நிற்கிறது. காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகியதால், அனல்மின் அலகுகள் 55 சதவீதச் சுமைவரை இறங்கி ஓட வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகள் கேட்கின்றன. 40 சதவீதம் அடுத்த இலக்கு. நிலையான முழுச் சுமையை நம்பி அமைத்த இடைவெளிகள் ஏறி இறங்கும் வெப்பநிலையில் அப்படியே நிற்கா. பெரிய பராமரிப்பின்போது ஒவ்வொரு சீலின் இடைவெளியையும் திறந்தவுடனும் மூடும் முன்பும் அளந்து, அதை அந்த அலகின் சுமை ஏற்ற இறக்கப் பதிவோடு சேர்த்து நம் மின்நிலையங்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவைக்க வேண்டும். நம் இயந்திரங்களுக்கு ஏற்ற சீலைத் தேர்ந்தெடுக்க அந்தத் தரவுதான் முதல் தேவை.