குதிரின் கொள்ளளவு: தெற்காசியர் உடற்கொழுப்பும் 'இன வேறுபாடு' என்ற விளக்கமும்

2004இல் 'லான்செட்' ஆய்விதழில் இரு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளிவந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக். மற்றவர் லண்டனின் யுட்கின். இருவரின் உடல் நிறைக் குறியெண்ணும் ஏறத்தாழ 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2. இந்தப் படத்தை எடுத்தாளும் உரைகள் பெரும்பாலும் இந்தியர், வெள்ளையர் என்ற எதிர்நிலையோடு நின்றுவிடுகின்றன. படவிளக்கமோ மேலும் பேசுகிறது. யுட்கின் மராத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் ஓட்டமெல்லாம் காலையில் மருத்துவமனை லிஃப்ட் கதவு மூடுவதற்குள் போய்ச் சேர்வதுதான். அவர் குறைந்த எடையில் பிறந்தவர் என்பதும் அங்கே பதிவாகியிருக்கிறது. அந்த வரிகளை மறந்ததால்தான் 'இனம்' என்ற சொல் ஒரு காரணமாகவே வேடம் கட்டிக்கொண்டது என்பேன்.

வேறுபாடு பொய்யல்ல. லண்டன் சவுத்தால் பகுதியை ஆராய்ந்து மக்கீக் குழுவினர் 1991இல் வெளியிட்ட முடிவுகளில் நீரிழிவு தெற்காசியரிடம் 19 விழுக்காடு, ஐரோப்பியரிடம் 4. தெற்காசியரின் கொழுப்பு வயிற்றைச் சுற்றித் திரண்டிருந்தது. இன்சுலின் எதிர்ப்பும் மிகுந்திருந்தது. 2007இல் ஸ்னைடர்மன் குழுவினர் முன்வைத்த 'வழிந்தோடல்' கருதுகோளை, நெல் சேமிக்கும் நம் ஊர்க் குதிர் ஒன்றை வைத்தே விளக்கலாம். தோலடிக் கொழுப்புத் திசுதான் குதிர். அது பெரிதாக இருந்தால் மிஞ்சும் ஆற்றல் அங்கேயே பத்திரமாகத் தங்கும். சிறிதாக இருந்தால் சீக்கிரம் நிரம்பி உள்ளுறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சிந்தும். ஆகவே பார்க்க வேண்டியது எவ்வளவு கொழுப்பு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதே.

குதிர் ஏன் சிறிதானது? நீல் 1962இல், ஆற்றலைச் சேமித்துவைக்கும் 'சிக்கன மரபணு'வைக் காரணமாகக் காட்டினார். ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் கருப்பையின் ஊட்டக்குறையைக் காட்டினர். புனேயில் நடந்த ஓர் ஆய்வில் ஊரகக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை சுமார் 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5. தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்த அக்குழந்தைகளிடம், முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடலில் கொழுப்பு என்ற முரண் தொட்டிலிலேயே தொடங்குகிறது. மரபணுவின் பங்கை இது மறுத்துவிடாது. ஆனால் தாயின் ஊட்டத்தை இனத்தின் கணக்கில் எழுத முடியாது.

குதிர் உவமைக்கும் எல்லை உண்டு. கறுப்பின அமெரிக்கரிடம் உள்ளுறுப்புக் கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் வெள்ளையரைவிடக் குறைவு, நீரிழிவோ அதிகம். வழிந்தோடல் மட்டுமே விடை என்றால் இது நேர்ந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு மக்கட்குழுவுக்கும் ஒரே காரணத்தைப் பொருத்துவது முறையில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு இவ்விடத்தில் நிதானமாக நடந்தது. 2004இல் அது உடல் நிறைக் குறியெண்ணுக்கான 25, 30 என்ற பொது வரம்புகளை மாற்றவில்லை. ஆசியருக்கு 23, 27.5 என்ற நடவடிக்கைப் புள்ளிகளைச் சேர்த்தது. இங்கிலாந்தின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2021இல் வந்த ஆய்வு, வெள்ளையரின் 30க்கு நிகரான நீரிழிவு ஆபத்து தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுவதாகக் கணித்தது. சல்லடையாக இந்த எண்கள் பயன்படும். ஆனால் சல்லடை நோயின் காரணத்தைச் சொல்லாது. இடுப்பைச் சுற்றும் அளவு நாடா அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும்.

சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு (2006), எடையின் எண் மட்டும் போதாது என்ற இந்த வாதத்துக்கு வலுவான சான்று. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை அவர்கள் பின்தொடர்ந்தனர். மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றியவர்களில் 39.3. இத்தனைக்கும் எடை இயந்திரம் சொல்லிக்கொள்ளும்படி எந்தக் குறைவையும் காட்டவில்லை.